அக்காவின் வலது தாடை

எழுபதைத் தாண்டிவிட்ட நமக்கெல்லாம் இப்போது அடிக்கடி போகிற இடம் பல் டாக்டர் வீடுதான். கல்யாண வீட்டுக்குக்கூட அத்தனை தடவை போவதில்லை. போன மாதம் கோபர்கைரனேயில் என் மகன் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் என் முறைக்காகக் காத்திருந்தேன். சுவரில் ஒரு படம் இருந்தது. ஒரு பெண்ணின் முகம், நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. நெற்றியும் மூக்கும் கோட்டில் நிற்கின்றன. மோவாய் மட்டும் கோட்டைத் தாண்டி இடது பக்கம் போயிருக்கிறது. நான் எழுந்து அதன் முன்னால் போய் நின்றுவிட்டேன். என் பெயரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

டாக்டர் என் பேத்தி வயசுப் பெண். இது என்ன படம் என்று கேட்டேன். கையுறையைக் கழற்றாமலே சொன்னாள். காதுக்கு முன்னால் தாடை எலும்பின் முனை இருக்கிறதாம். சிலருக்கு ஒரு பக்கத்து முனை மட்டும், நிற்க வேண்டிய வயசில் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகுமாம். அந்தப் பக்கம் நீள நீள, மோவாய் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படுமாம். "அதனால ஆன்ட்டி, கோணலா தெரியிற பக்கம் நல்ல பக்கம். கோளாறு மத்த பக்கத்துல," என்றாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஏதோ புதிதாகக் கற்றுக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். இது எனக்குப் பத்து வயசிலேயே தெரியும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் என்ன செய்தோம் என்பதைத்தான் சொல்ல வந்தேன். அந்தக் காலம் போல வருமா என்று பேரப்பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்கிறீர்களே, நீங்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். தாராவியில் ஒரே அறை, தகரக் கூரை, வாசலில் சாக்கடை. நான் அங்கேயே பிறந்தவள். அக்கா அப்படி இல்லை. அவளுக்கு ஐந்து வயசாக இருக்கும்போது அவளைத் திருநெல்வேலிப் பக்கம் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் பம்பாய்க்கு ரயில் ஏறியிருந்தார்கள். பதினைந்து வயசில்தான் அவளைக் கூட்டிவந்தார்கள். ஒரு தகரப் பெட்டி, ஓலைக்கொட்டான் நிறையச் சில்லுக்கருப்பட்டி, இவற்றோடு வந்து இறங்கினாள். அப்பா வேலை பார்த்த தோல் கிடங்கின் நாற்றம் சந்து முழுக்க வீசும், அது தாங்காமல் முதல் ஒரு வாரம் தாவணி முனையை மூக்கில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். எனக்குச் சிரிப்பாக வந்தது. அந்த நாற்றம் ஒரு நாற்றம் என்றே எனக்குத் தெரியாது.

அடுத்த மழைக்காலம் வந்தபோது அவள் முகத்தில் ஏதோ மாறியிருந்தது. முதலில் கண்டுபிடித்தது அவள்தான். அப்பா சவரம் செய்யும் கண்ணாடி ஒன்று, தகர விளிம்பு போட்டது, ஆணியில் தொங்கும். அக்கா அதன் முன்னால் பலகை போட்டு ஏறி நின்று, ஒரு விரலை மூக்கு நுனியிலும் ஒரு விரலை மோவாயின் நடுவிலும் வைத்துப் பார்ப்பாள். இரண்டு விரலும் நேராக வராது. பல்லைக் கடித்தால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராது. "ஏட்டி, என் வாய் கோணலா இருக்காட்டி?" என்று என்னைக் கேட்பாள். நான் விளையாடுகிற அவசரத்தில் "இல்ல" என்று சொல்லிவிட்டு ஓடுவேன்.

அம்மா பார்த்தபோது நேரே பெரியம்மாவைத்தான் திட்டினாள். "ஒரு பக்கமா மென்னு மென்னு மூஞ்சிய இப்பிடி ஆக்கிட்டா. ஒரு பொம்பளப்பிள்ள எப்பிடித் திங்குதான்னு பாக்காம அங்க என்னத்த வளத்தாளுவ?" பத்து வருஷம் பிள்ளையைப் பிரிந்திருந்த வயிற்றெரிச்சல் அது என்று இப்போது புரிகிறது. அப்போது அது அக்கா தலையில் வறுத்த கொண்டைக்கடலையாகத்தான் இறங்கியது. தினமும் ஒரு கைப்பிடி, வலது பக்கத்துப் பல்லால் மட்டும் மெல்ல வேண்டும். அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வலது பக்கம் பல் சேரவே இல்லை. எப்படி மெல்லுவாள்? எச்சிலில் ஊறவைத்து விழுங்கினாள். வயிறு வலித்தது. அதற்கும் திட்டு.

கடலையால் முகம் நேராகவில்லை என்றதும் அம்மா பழைய வேட்டியைக் கிழித்தாள். மோவாய்க்குக் கீழே கொடுத்து, இழுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். எலும்பு இளசுதானே, கட்டினால் படிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மத்தியானம் முழுக்க அக்கா அந்தக் கட்டோடு வாசல் பக்கம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள்.

சாயங்காலம் அப்பா தோல் கிடங்கிலிருந்து வந்தார். வாசலில் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நம் வீடுகளில் அந்தக் கட்டு யாருக்குக் கட்டுவோம் என்று உங்களுக்குத் தெரியும். செத்தவர்களுக்கு, வாய் பிளந்துவிடாமல் இருப்பதற்கு.

"உயிரோட இருக்கவளுக்கு எவட்டி தாடக்கட்டு கட்டுனது?" என்றார். கத்தவில்லை. தோல் வெட்டும் சின்னக் கத்தி இடுப்பில் இருந்தது. அதை எடுத்து, அக்காவின் காதோரமாகத் துணியை அறுத்தெடுத்தார். பிறகு அவள் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பி இரண்டு கைகளாலும் தடவிப் பார்த்தார். தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவார்.

"நீங்க எல்லாரும் இடது பக்கத்தையே பாக்கீங்க. பலகையில தோல விரிக்கும்போது முதுகுக்கோடு இடது பக்கம் தள்ளிப் போயிருந்தா, இடது பக்கத்துல ஒண்ணும் இல்ல. வலது பக்கம் தோலு ஜாஸ்தின்னு அர்த்தம். இவளுக்கும் வலது பக்கந்தான் வளருது. இந்தா, தடவிப் பாரு."

"பெத்த பிள்ளையப் போயி ஆட்டுத்தோலோட சேத்துப் பேசுதாரு," என்று அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா குடிப்பார். மதுவிலக்கு இருந்த பம்பாயில் எங்கள் சந்தில் அது கிடைக்காத நாள் இல்லை. குடிக்கிறவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மதிப்புக் கிடையாது, அவர் குடிக்காத நேரத்தில் பேசினாலும்.

அதனால் அடுத்த வாரம் அம்மா அக்காவைப் பல் பிடுங்குகிறவரிடம் கூட்டிப்போனாள். ரோட்டோரம் ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடி ஜாடியும் வைத்திருந்த ஆள். ஜாடி நிறையப் பல். இடது பக்கம் கடைவாய்ப் பல் இரண்டு நெரித்துக்கொண்டு முகத்தை இழுக்கிறது என்றார். இரண்டையும் பிடுங்கினார். சொத்தை இல்லாத, சங்கு வெள்ளைப் பல். அதையும் ஜாடியில் போட்டுக்கொண்டார். அக்கா என் கையை எவ்வளவு அழுத்திப் பிடித்தாள் என்றால், கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து எனக்கு ரத்தம் வந்தது. நான் அழுததைத்தான் அம்மா சமாதானப்படுத்தினாள்.

மூன்றாம் நாள் இடது கன்னம் வீங்கியது. கண் இடுங்கிவிட்டது, காய்ச்சல் அனலாய் அடித்தது. சீழ் வைத்துவிட்டது. இனி வீட்டில் வைத்திருக்க முடியாது என்று ஆகி, பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் இந்தி தெரியாது. நான்தான் பேச வேண்டும். பத்து வயசில் அது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நர்ஸ், கம்பவுண்டர், டாக்டர் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தல்லவா பேசினார்கள்.

டாக்டர் மராட்டிக்காரர், தலை பாதி நரைத்தவர். சீழை எடுத்து ஊசி போட்டார். தினமும் வந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும், அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் போடும் நூலை எடுத்து, வலது காதிலிருந்து மோவாய் நடுவரை அளந்து வெட்டினார். இடது காதிலிருந்து அதே போல இன்னொன்று. இரண்டு நூலையும் என் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வலது நூல் ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தது.

"மகளே, உன் அம்மாவிடம் சொல்," என்று இந்தியில் ஆரம்பித்தார். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். வலது பக்கத்து எலும்பு நிற்காமல் வளர்கிறது. மென்றதாலும் இல்லை, படுத்ததாலும் இல்லை, யார் தப்பும் இல்லை. பிடுங்கின பல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இப்போது பல்லுக்கு அச்சு எடுத்து வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்து வரவேண்டும். அப்போதும் வளர்ந்துகொண்டிருந்தால் காதோரம் அந்த எலும்பு முனையைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிடலாம், வளர்ச்சி அதோடு நிற்கும். விட்டுவிட்டால் பல் இன்னும் விலகும், உதடு சாயும். பிறகு சரி செய்வது கஷ்டம்.

நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்தது. "எங்கப்பா சொன்னதுதான்," என்று அவள் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். வெள்ளை மாவைக் குழைத்து வாயில் திணித்து அச்சு எடுத்தார்கள். ஒரு மஞ்சள் அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தார்கள். அக்கா அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

இனிமேல்தான் நம் ஆட்களின் சாமர்த்தியம் வருகிறது.

எங்கள் சந்தில் ஒரு ஜெபவீடு இருந்தது. அதை நடத்தியவரை ஊழியக்காரர் என்போம். கெட்ட மனுஷர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையை நான் எப்போதோ மறந்திருப்பேன். அக்காவின் காய்ச்சலுக்காக மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தவர். ஊசியினால் வீக்கம் வடிந்துகொண்டிருந்த அதே நாட்கள் அவை. வீங்கிப் புடைத்திருந்த முகம் வடிந்ததும், முன்னால் இருந்த கோணல் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அம்மா எழுந்து அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். ஆண்டவர் என் மகளுடைய முகத்தைத் தொட்டு நேராக்கினார் என்றாள்.

ஊழியக்காரர் அக்காவை முன்னால் கூப்பிட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கூட்டம் முகத்தைப் பார்க்க எட்டி எட்டிப் பார்த்தது. அவருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். என்னைத் தூக்கி மேடையில் நிறுத்தினார்.

"சின்னப்பிள்ளைங்க பொய் சொல்லாது. நீ சொல்லும்மா. அக்கா முகம் இப்ப எப்பிடி இருக்கு?"

நான் அக்காவைப் பார்த்தேன். கோணலாகத்தான் இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் என் வாயைப் பார்த்தது போலவே இங்கேயும் நூறு பேர் பார்த்தார்கள்.

"நேராயிட்டு," என்றேன்.

தகரக் கூரை அதிர ஸ்தோத்திரம் சொன்னார்கள். அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் என்னைக் கட்டிக்கொள்கிறவள் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதை மறைக்க மாட்டேன்.

நம் சபைகளில் சாட்சி சொல்வது என்றால் என்னவென்று வெளியாட்களுக்குப் புரியாது. ஒரு தடவை சுகமானேன் என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். அதற்குப் பிறகு மருந்து குடித்தால் அவிசுவாசம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆண்டவரையே பொய்யராக்குகிற காரியம். அந்த மஞ்சள் அட்டையின் தேதி நெருங்கியபோது அப்பா ஒரு காலையில் கேட்டார். "பிள்ளய எப்பக் கூட்டிட்டுப் போற?"

"சாட்சி சொன்ன பிள்ளயக் கொண்டுபோயி ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காத்தி வச்சா, நாளைக்கி நான் சபையில மூஞ்சி காட்டண்டாமா? நீங்க சும்மா கெடங்க. உங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் குடித்ததை நான் மன்னித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. சரியாகத் தெரிந்த ஒரே விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு போனாரே, அதைத்தான் இன்னும் முடியவில்லை.

அக்கா என்னிடம் வந்தாள். குழாயடியில், குடம் நிறைகிற சத்தத்துக்கு நடுவில் மெதுவாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்குப் போகாண்டாம். என்கூட ஆஸ்பத்திரிக்கு வாட்டி. உள்ள போயி நீ பேசுனாப் போதும். நான் பஸ்சுக்கு வச்சிருக்கேன்."

"நான் வரமாட்டேன். நான்லா சாட்சி சொன்னேன். இப்பப் போனா நான் பொய் சொன்னவளாயிருவேன்."

"நீ பொய்தானட்டி சொன்ன."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அம்மா வேதப்புத்தகத்தைத் திறந்து அட்டையை எடுத்தாள். ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. அட்டை கெட்டியானது, சட்டென்று தீப்பிடிக்கவில்லை. இடுக்கியால் பிடித்துக் காட்டி எரித்தாள்.

அக்கா வெள்ளிக்கிழமை தனியாகப் போனாள். அட்டை இல்லை, பாஷை இல்லை. காலையில் போனவள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். கிங்ஸ் சர்க்கிள் கடைத்தெருவுக்குப் பூ வாங்கப் போனேன் என்று அம்மாவிடம் சொன்னாள். தலையில் பூ இல்லை, அம்மா கேட்கவும் இல்லை. பிறகு என்னிடம் சொன்னாள், யாரிடம் போய் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாளாம். அந்த டாக்டர் ஒரு தடவை அவளைக் கடந்து போனாராம். எழுந்து நின்றாளாம். அவர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டு போய்விட்டாராம்.

அதற்கப்புறம் டாக்டர் சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் நடந்தது. நான் மொழிபெயர்த்த வரிசையிலேயே நடந்தது. பல் விலகியது. உதடு சாய்ந்தது. பாவ் ரொட்டியைக்கூடக் கடிக்க முடியாமல் டீயில் ஊறவைத்துத் தின்றாள். பேச்சில் சகரம் கசிந்தது. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது, ஆனால் முன்னால் நிற்க வேண்டாம் என்று பின்னறையில் சட்டைகளுக்குக் காஜா எடுக்க உட்காரவைத்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் அந்த அறையில் இருந்தாள். எங்கள் வீட்டில் இருக்கிற எல்லாப் போட்டோவிலும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு இருப்பாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரு நாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் அவள் பேசாமலே போய்விட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை பேசினாள்.

எனக்குப் பன்னிரண்டு வயசு. அக்காவின் எலும்பு வளர்வது தானாக நின்றிருந்தது. நிற்கிற வயசு வந்து நின்றது, அவ்வளவுதான். அம்மா அதைப் போய் ஊழியக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். டிசம்பர் மாதக் கூட்டம், மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். இன்னும் மோசமாகப் போயிருக்க வேண்டியதை ஆண்டவர் தடுத்து நிறுத்தினார் என்று அவர் அறிவித்துவிட்டு, அக்காவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். போன தடவை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அக்கா நிமிர்ந்து நின்றாள். முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்குச் சுகமாகல," என்றாள். "எனக்கு வலது பக்கத்து எலும்பு வளந்துச்சு. எங்கப்பா அதக் கண்டுபிடிச்சாரு. ஆண்டவர் ஒரு டாக்டரையும் காட்டுனாரு. அவரு வரச்சொன்ன அன்னைக்கி என்னைய யாரும் கூட்டிட்டுப் போகல. இதுதான் என் சாட்சி. இன்னும் இருக்கு, சொல்லுதேன்."

ஊழியக்காரர் ஆர்மோனியக்காரரைப் பார்த்துக் கையை அசைத்தார். பாட்டு ஆரம்பித்தது. முதலில் நாலைந்து பேர், பிறகு அம்மா, பிறகு எல்லாரும் கை தட்டிப் பாடினார்கள். அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. முன்வரிசையில் அவளுக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தவள் நான்தான். அவள் என்னைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் பாடிக்கொண்டிருந்தேன். அந்த வயசில் எனக்குக் கணீரென்ற குரல்.